விமான நிலையத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாற்றுத்திறனாளிகளின் விமானப் பயணப் புகார்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை ஒரே பதிலில் போய் முட்டும்: "அது எங்க வேலை இல்லைங்க, அவங்களைக் கேளுங்க." விமான நிறுவனம் நிலையத்தைக் கைகாட்டும், நிலையம் பாதுகாப்புப் படையைக் கைகாட்டும், நடுவில் பயணி உட்கார்ந்திருப்பார். எந்த வேலை யாருடையது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். இந்தியாவுக்குள்ளும் இந்தியாவிலிருந்தும் பறப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதியிருக்கிறேன்.

இந்த உதவியைக் கேட்க எந்தச் சட்டம் துணை நிற்கிறது?

இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 41-ஆவது பிரிவு, பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் ஆகியவற்றில் மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய வசதிகள் இருக்க வேண்டும் என்று சொல்கிறது.

இரண்டாவதுதான் கவுண்டரில் அன்றாடம் உதவுவது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, விமான நிறுவனங்களுக்கு விதிக்கும் கட்டளைகளை 'கார்' என்பார்கள். அதில் பிரிவு 3, வரிசை எம், பாகம் 1 முழுக்க மாற்றுத்திறனாளிகளையும் நடமாட்டம் குறைந்தவர்களையும் பற்றியது. 2008-இல் வந்தது, 2014-இல் பெரிதாகத் திருத்தப்பட்டது, 2022-இல் மறுபடியும் திருத்தப்பட்டது. இந்தப் பிரிவு எண்ணை ஃபோனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மேலாளரிடம் பேசும்போது எண்ணோடு சொன்னால் பேச்சின் தோரணையே மாறும்.

சரி, பொறுப்பு யாருடையது? விமான நிறுவனமா, விமான நிலையமா?

பயணச்சீட்டோடு நீங்கள் புறப்பாட்டு முனையத்துக்கு வந்ததிலிருந்து விமானத்தில் ஏறும் வரையிலும், இறங்கியபின் வருகை முனையத்தின் வெளிவாசல் வரையிலும் கூடுதல் செலவில்லாமல் உங்களைக் கொண்டு சேர்ப்பது விமான நிறுவனத்தின் கடமை. வீல்சேரைத் தள்ளுபவர் எந்த ஒப்பந்தக்காரரின் ஆளாக இருந்தாலும் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நிறுவனம்தான்.

சாய்தளம், லிஃப்ட், மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை, வாகன நிறுத்துமிடம், உதவி கேட்பதற்கென்று முனையத்துக்கு உள்ளேயும் வெளியேயும் குறிக்கப்பட்ட இடங்கள், இவையெல்லாம் நிலையத்தை நடத்துபவரின் பொறுப்பு. சென்னை, மதுரை, திருச்சி, கோவை போன்றவற்றில் அது இந்திய விமான நிலைய ஆணையம். பெங்களூரு, ஹைதராபாத், டெல்லி, மும்பையில் தனியார் நிறுவனங்கள்.

பாதுகாப்புச் சோதனைக்கான விதிகளை வகுப்பது பிசிஏஎஸ் என்னும் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம். பெரும்பாலான பெரிய நிலையங்களில் சோதனை செய்பவர்கள் சிஐஎஸ்எஃப் என்னும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வீரர்கள்.

ஐரோப்பாவில் இந்த உதவி முழுக்க விமான நிலையத்தின் தலையில் இருக்கிறது. அமெரிக்காவில் விமான நிறுவனத்தின் தலையில். இங்கே இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதால்தான் இடைவெளியில் ஆட்கள் விழுகிறார்கள் என்பது என் கருத்து.

யாரெல்லாம் கேட்கலாம்? யுடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை காட்ட வேண்டுமா?

நிரந்தர மாற்றுத்திறனாளிகள் மட்டும் அல்ல. கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டவர், மூட்டு வலியால் நீண்ட தூரம் நடக்க முடியாத முதியவர், அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவர், எல்லோரும் 'நடமாட்டம் குறைந்தவர்' என்ற வகையில் வருவார்கள். வீல்சேர் உதவிக்கு அட்டை கட்டாயமில்லை. அட்டை இருந்தால் கையில் வைத்துக்கொள்வது நல்லது. கட்டணச் சலுகை கேட்பதென்றால் அது தேவைப்படும்.

மருத்துவச் சான்று கொண்டுவரச் சொல்லி எல்லோரையும் அலைக்கழிக்கவும் கூடாது. தொற்று நோய், பயணத்தின் நடுவே மருத்துவக் கவனிப்பு தேவைப்படும் நிலை, அண்மையில் நடந்த பெரிய அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குத்தான் சான்று. போலியோவால் கால் சூம்பியவருக்கோ பார்வையற்றவருக்கோ 'பறக்கத் தகுதி' சான்று எதற்கு?

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி பயணிப்பது மட்டும் வேறு கணக்கு. பல இருக்கைகளை மடக்க வேண்டியிருப்பதால் அதற்குக் கட்டணம் உண்டு.

பதிவு செய்யும்போது மூன்று விதமான வீல்சேர் காட்டுகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

இங்கே பிழைபட்டால் கடைசியில் விமானப் படிக்கட்டின் அடியில் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் நிதானமாகப் படியுங்கள்.

டபிள்யூசிஎச்ஆர்: தூரம் நடக்க முடியாது, ஆனால் படியேற முடியும், விமானத்துக்குள் இருக்கை வரை நடக்கவும் முடியும். பெரும்பாலான முதியவர்களுக்கு இது போதும்.

டபிள்யூசிஎச்எஸ்: படியேற முடியாது. விமானக் கதவு வரை கொண்டு விட்டால் உள்ளே மெதுவாக நடந்து உட்கார்ந்துகொள்வார்.

டபிள்யூசிஎச்சி: நடக்கவே முடியாது. இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

முதல் வகையைப் பதிந்துவிட்டுப் போனால், ஏரோபிரிட்ஜ் (முனையத்திலிருந்து நேரே விமானக் கதவுக்குப் போகும் பாலம்) இல்லாத இடத்தில் உங்களுக்கென்று ஆம்புலிஃப்ட் வராது. அது வீல்சேரோடு ஆளை விமானக் கதவின் உயரத்துக்குத் தூக்கும் வண்டி. நிலையத்துக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும், அதையும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அம்மாவுக்குப் படி ஏறக் கஷ்டம், ஆனால் 'எப்படியாவது ஏறிடுவாங்க' என்று தோன்றுகிறதா? இரண்டாவது வகையையே போடுங்கள்.

பார்வைக்கும் செவிக்கும் அறிவுசார் வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் தனிக் குறியீடுகள் உண்டு. இணையப் படிவத்தில் காணாவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துப் பதியச் சொல்லுங்கள். பிறகு டிக்கெட்டில் அந்தக் குறியீடு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பயண முகவர் மூலம் எடுத்த டிக்கெட்டில் இது விட்டுப்போவது சகஜம்.

எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்?

புறப்படும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பாக. அவசரப் பயணமென்றாலும் தயங்காமல் கேளுங்கள். உதவி வரத் தாமதமாகலாம், அதற்கேற்பச் சீக்கிரம் போய்விடுங்கள்.

நிலையத்தில் வீல்சேர் வராமல் காக்க வைத்தால்?

இறங்கும் இடத்தில்தான் இது அதிகம் நடக்கும். எல்லோரும் இறங்கிப் போனபின் கடைசியாக நீங்கள் மட்டும் இருக்கையில் இருப்பீர்கள், துப்புரவுப் பணியாளர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். வீல்சேர் வாசலுக்கு வந்துவிட்டது என்று பணிப்பெண் சொல்லும் வரை இருக்கையை விட்டு எழாதீர்கள். நீங்கள் உள்ளே இருக்கும் வரை விமானத்தை அடுத்த பயணத்துக்குத் தயார் செய்ய முடியாது என்பதால் உதவியும் விரைவாக வரும். கதவைத் தாண்டிவிட்டால் அந்த அவசரம் யாருக்கும் இருக்காது.

2024 பிப்ரவரியில் மும்பையில் நடந்தது மறக்கக் கூடாதது. நியூயார்க்கிலிருந்து ஏர் இந்தியாவில் வந்த 80 வயதுப் பயணியும் அவர் மனைவியும் வீல்சேருக்குப் பதிந்திருந்தார்கள். வந்தது ஒன்றுதான். மனைவி அதில் உட்கார, அவர் பக்கத்திலேயே நடந்து வந்தார். குடியேற்றச் சோதனைப் பகுதியருகே மயங்கி விழுந்தார், உயிர் பிரிந்தது. இன்னொரு வீல்சேர் வரும் வரை காத்திருக்கச் சொன்னதாக நிறுவனம் விளக்கம் கொடுத்தது. டிஜிசிஏ அதை ஏற்காமல் 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது, போதுமான வீல்சேர்கள் வைத்திருக்கும்படி எல்லா நிறுவனங்களுக்கும் அறிவுறுத்தியது. தம்பதியாகப் பயணிக்கும் பெரியவர்கள், இரண்டு வீல்சேரும் வந்தபின் கிளம்புங்கள்.

செயற்கைக் கால் அணிந்திருக்கிறேன். சோதனையில் கழற்றச் சொன்னால் கழற்றியே ஆக வேண்டுமா?

வழக்கமாக வேண்டியதில்லை. கையால் தடவிப் பார்ப்பது, வெடிபொருள் துகள் கண்டறியும் கருவிக்காக (ஈடிடி) துணித்துண்டால் துடைத்து எடுப்பது, இவையே முதலில் செய்ய வேண்டியவை. விதிவிலக்கான நிலைமையில் மட்டும்தான் கழற்றச் சொல்லலாம். அப்போதும் திரை போட்ட தனி இடத்தில், உங்கள் பாலினத்தைச் சேர்ந்தவர் முன்னிலையில்.

நடனக் கலைஞர் சுதா சந்திரனை நினைவிருக்கும். 1981-இல் திருச்சி அருகே நடந்த விபத்துக்குப் பின் வலது காலை இழந்தவர், ஜெய்ப்பூர் காலோடு மேடையேறியவர். ஒவ்வொரு பயணத்திலும் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் அவர் பிரதமருக்கு வேண்டுகோள் வைத்து ஒரு காணொளி வெளியிட்டார். மறுநாளே சிஐஎஸ்எஃப் மன்னிப்புக் கேட்டது. விதிவிலக்கான சூழலில் மட்டுமே கழற்றச் சொல்ல வேண்டும் என்பதையும் அதுவே சொன்னது. அந்த அறிக்கையின் படத்தை ஃபோனில் சேமித்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், பயன்படுகிறது.

கழற்றச் சொன்னால் சத்தம் போட வேண்டாம். "ஈடிடி சோதனை செய்யுங்கள், இல்லையென்றால் உங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜைக் கூப்பிடுங்கள்" என்று நிதானமாகச் சொல்லுங்கள்.

என் சொந்த வீல்சேரை எதுவரை கொண்டுபோகலாம்?

விமானக் கதவு வரை பயன்படுத்தக் கேளுங்கள். செக்-இன் கவுண்டரிலேயே வாங்கிக்கொண்டு நிலையத்தின் நாற்காலியில் உட்காரச் சொல்வார்கள். சிலருக்கு அது பரவாயில்லை. முதுகுத்தண்டு காயம் உள்ளவர்களுக்கு அப்படியல்ல: அளவு பொருந்தாத நாற்காலியில் மெத்தை இல்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் படுக்கைப் புண் வந்துவிடும், ஆற மாதக்கணக்காகும். இதை மருத்துவக் காரணமாகவே சொல்லுங்கள்.

வீல்சேரில் 'கேட் டேக்' என்னும் அடையாளச் சீட்டை ஒட்டச் சொல்லுங்கள். அதில் இறங்கும் ஊரில் விமானக் கதவுக்கே கொண்டுவந்து தரும்படி எழுதச் சொல்லுங்கள். சொந்த வீல்சேருக்கும் ஊன்றுகோலுக்கும் கட்டணம் இல்லை. கொடுக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். மெத்தை, பக்கத் தகடு, கால் தாங்கி போன்று கழன்று வருபவற்றைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மெத்தையை விமான இருக்கையின் மேலேயே போட்டு உட்காரலாம்.

பேட்டரி வீல்சேர்?

இதற்கு முன்கூட்டியே நிறுவனத்தின் ஒப்புதல் கட்டாயம், ஆபத்தான பொருட்களுக்கான விதிகள் பொருந்தும். மடக்கக்கூடிய வீல்சேரில் லித்தியம் பேட்டரியைக் கழற்ற முடியுமென்றால், கழற்றிக் கையோடு விமானத்துக்குள் எடுத்துச் செல்ல வேண்டும். வரம்பு 300 வாட்-மணி. கணக்கு எளிது: பேட்டரியில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள். 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 240, தாராளமாகப் போகலாம். 24 வோல்ட், 20 ஆம்பியர்-மணி என்றால் 480, வரம்பைத் தாண்டிவிடும். வண்டி வாங்கும்போதே இதைப் பாருங்கள்; பல கடைக்காரர்கள் சொல்வதில்லை.

கழற்ற முடியாதபடி வண்டிக்குள்ளேயே பாதுகாப்பாகப் பொருத்தப்பட்ட பேட்டரிக்கு இந்த 300 வரம்பு இல்லை, வண்டியோடு சரக்கறைக்குப் போகும். தயாரிப்பாளரின் விவரத்தாளை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். பேட்டரியை எப்படித் துண்டிப்பது, சக்கரப் பூட்டை எப்படி விடுவிப்பது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி வண்டியிலேயே ஒட்டிவிடுங்கள். சரக்கு ஏற்றும் தொழிலாளிக்கும் அது உதவி.

விமானத்துக்குள் இருக்கைக்கு எப்படிக் கொண்டுபோவார்கள்?

உங்கள் வீல்சேர் இருக்கை வரிசைகளுக்கு நடுவே நுழையாது. 'ஐல் சேர்' என்ற மிகக் குறுகலான நாற்காலிக்கு மாற்றி, பட்டைகளால் கட்டி, உள்ளே உருட்டிப்போவார்கள். அங்கிருந்து இருக்கைக்கு இன்னொரு மாற்றம். ஆக இரண்டு முறை தூக்க வேண்டும். காயங்கள் நடப்பது இந்த இரண்டு நிமிடத்தில்தான்.

தூக்க வருபவர்கள் நல்லெண்ணத்தோடு வருவார்கள், பயிற்சி போதாமல் இருக்கும். கையைப் பிடித்து இழுப்பார்கள், அல்லது பேன்ட்டின் இடுப்பைப் பற்றித் தூக்குவார்கள். அதற்கு முன்பே நிறுத்தி, நீங்களே சொல்லிக் கொடுங்கள். ஒருவர் பின்னால் நின்று, உங்கள் அக்குளுக்கு அடியில் இரு கைகளையும் நுழைத்து, மார்பின் குறுக்கே மடித்திருக்கும் உங்கள் முன்கைகளைப் பற்ற வேண்டும். இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே. "மூன்று எண்ணியபின் தூக்குங்க, எண்ணுறது நான்" என்று சொல்லுங்கள். எண்ணிக்கை உங்கள் வாயிலிருந்து வரட்டும்.

இருக்கையின் இடைவழிப் பக்கக் கைப்பிடி மேலே தூக்கக்கூடியதாக இருந்தால் உடலை அதற்கு மேலே தூக்கிப் போட வேண்டியதில்லை, பக்கவாட்டில் நகர்த்தினாலே போதும். பல விமானங்களில் அது பூட்டியிருப்பதுபோல் தோன்றும். கைப்பிடியின் அடியில், பின்பக்க மூட்டருகே விரலால் தடவிப் பாருங்கள், சின்னப் பொத்தானோ நெம்புகோலோ தட்டுப்படலாம். அதை அழுத்தினால் கைப்பிடி எழும். பணியாளர்களிலேயே பலருக்கு இது தெரிவதில்லை.

அவசர வழி வரிசையில் இடம் தரமாட்டார்கள், அது பாதுகாப்பு விதி. தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்குச் சிறிய ஏடிஆர் விமானங்கள் வரும். அவற்றின் பயணிகள் கதவு வால்பக்கம் இருக்கிறது. அங்கே பின் வரிசை இருக்கை கேட்டு வாங்குவது உங்களுக்கு நல்லது. படிக்கட்டுக்குப் பதில் சாய்தளம் வைப்பார்களா என்பதையும் முன்பே விசாரியுங்கள்.

கழிப்பறைக்கு?

உள்நாட்டில் ஓடும் ஏ320, 737 வகை விமானங்களின் கழிப்பறைக்குள் வீல்சேர் போகாது. பலர் முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், சிறுநீர்த் தொற்றை விலைக்கு வாங்குகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். ஏறுவதற்கு முன் கடைசியாக நிலையக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, அதற்கு நேரமில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) வைத்திருப்பவர்கள் பையை அங்கேயே காலி செய்துவிடுங்கள்.

எனக்குக் கண் தெரியாது, கால் நன்றாக இருக்கிறது. ஆனாலும் வீல்சேரில் உட்காரச் சொல்கிறார்களே?

மறுக்கலாம். மறுக்கத்தான் வேண்டும். உங்களுக்குத் தேவை வழிகாட்ட ஒரு ஆள். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நடந்து போவீர்கள். நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிப்போவது பணியாளருக்குச் சுலபம், ஒரே நேரத்தில் இரண்டு பேரைத் தள்ளிவிடலாம். அவர்கள் வசதிக்காக நடக்கத் தெரிந்த மனிதரை நாற்காலியில் உட்கார வைப்பது பெரும் அவமதிப்பு. பயிற்சி பெற்ற வழிகாட்டி நாயையும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு விமானத்துக்குள் உடன் அழைத்துச் செல்லலாம்.

பார்வையற்றவர்களுக்குப் பாதுகாப்பு விளக்கத்தைத் தனியாக வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். காது கேளாதவர்கள், கேட் மாறினால் நேரில் வந்து சொல்லும்படி கேட் பணியாளரிடம் எழுதிக் காட்டி வையுங்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தையோடு போகிறோம்.

பதிவின்போதே சொல்லுங்கள், வரிசையில் முன்னுரிமை கேளுங்கள். வெளியில் தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்குப் பச்சைப் பின்னணியில் சூரியகாந்திப் பூ போட்ட கழுத்துப்பட்டை தரும் திட்டம் 2016-இல் லண்டன் கேட்விக் நிலையத்தில் தொடங்கியது, பெங்களூரு நிலையத்திலும் இருக்கிறது. அதை அணிந்தவரிடம் பணியாளர்கள் கூடுதல் பொறுமையோடு நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

என்னை ஏற்றிக்கொள்ள மறுக்க முடியுமா?

குறைபாட்டைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. இதற்குப் பின்னால் இரண்டு பேர் பட்ட அவமானம் இருக்கிறது.

2012 பிப்ரவரியில் கொல்கத்தாவிலிருந்து கோவாவில் ஒரு மாநாட்டுக்குப் புறப்பட்டார் ஜீஜா கோஷ். பெருமூளை வாதம் உள்ளவர், மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக உழைப்பவர். ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் இருக்கையில் உட்கார்ந்தபின், அவர் உடல்நிலையைக் காரணம் காட்டி இறக்கிவிட்டார்கள். மாநாட்டுக்கு அவரால் போக முடியவில்லை. நான்கு ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2016 மே 12 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, ஆர்.கே. அகர்வால் அமர்வு அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

அப்படியும் 2022 மே மாதம் ராஞ்சியில் இண்டிகோ ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவனை ஏற்ற மறுத்தது. அவன் பதற்றத்தில் இருந்தான், மற்றவர்களுக்கு ஆபத்து என்றார்கள். பெற்றோரும் ஏறவில்லை. உடனிருந்த பயணிகளில் மருத்துவர்கள் இருந்தார்கள், உதவுவதாகச் சொன்னார்கள், கேட்கவில்லை. டிஜிசிஏ 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. ஜூலையில் விதியையும் திருத்தியது: பயணத்தின்போது ஒருவரின் உடல்நிலை மோசமாகும் என்று நிறுவனம் நினைத்தால், மருத்துவர் அவரை நேரில் பரிசோதித்து, பறக்கத் தகுதியா இல்லையா என்று திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகே முடிவு. மறுத்தால் காரணத்தை உடனே எழுத்தில் தர வேண்டும்.

ஆகவே மறுக்கப்பட்டால் இரண்டையே கேளுங்கள்: மருத்துவர் எங்கே, எழுத்து எங்கே?

நடக்க முடிந்தவர்களும் வரிசையைத் தாண்ட வீல்சேர் கேட்கிறார்களே?

நடக்கிறது. மொழி தெரியாத ஊரில் இறங்கும் பெற்றோருக்கு வழிகாட்ட ஆள் வேண்டுமென்று பிள்ளைகள் வீல்சேர் போட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குத் தேவை 'மீட் அண்ட் அசிஸ்ட்' சேவைதான், அதைக் கேளுங்கள். ஆனால் பார்வைக்கு நன்றாக இருப்பவரைச் சந்தேகிக்காதீர்கள். இதய நோயும் மூட்டு வாதமும் முகத்தில் எழுதியிருக்காது.

வீல்சேரை உடைத்துவிட்டார்கள். எவ்வளவு கிடைக்கும்?

நிலையத்தை விட்டு வெளியேறும் முன் எழுத்தில் புகார் பதிந்து நகல் வாங்குங்கள். பன்னாட்டுப் பயணத்தில் 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை, வீல்சேரையும் சாமான் கணக்கில்தான் வைக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் உச்சவரம்பு 1,519 எஸ்டிஆர், அதாவது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. பல லட்சம் பெறும் மின் வீல்சேருக்கு இது போதவே போதாது. செக்-இன்னில் 'சிறப்பு மதிப்பு அறிவிப்பு' செய்து அதன் மதிப்பை எழுதிக் கொடுத்தால் இந்த வரம்பைத் தாண்டியும் கேட்கலாம். விலைச்சீட்டு கையில் இருக்கட்டும்.

ஒருவருடைய கால்களையும் சூட்கேஸையும் ஒரே தராசில் நிறுப்பது அநியாயம். இது மாற வேண்டிய சட்டம்.

எங்கே புகார் செய்வது?

முதலில் அங்கேயே நிறுவனத்தின் டியூட்டி மேனேஜரிடம், எழுத்தில். பிறகு மின்னஞ்சலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு. பதில் சரியில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் பதியுங்கள். நிறுவனத்தின் மீதும் நிலையத்தின் மீதும் பாதுகாப்புச் சோதனையின் மீதும் அங்கே புகார் செய்யலாம். உரிமை மறுப்பு என்றால் டெல்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்கு எழுதலாம். இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

விமான எண், இருக்கை எண், நேரம், பணியாளரின் பெயர்ப்பட்டையில் இருந்த பெயர், இவற்றை அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பயணத்தில் எந்த நாட்டுச் சட்டம்?

அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து வரும் விமானங்களுக்கு 1986-ஆம் ஆண்டின் விமானப் பயண அணுகல் சட்டம் பொருந்தும், நிறுவனம் இந்தியாவுடையதாக இருந்தாலும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலையத்திலிருந்து புறப்பட்டால், எந்த நிறுவனமானாலும், அவர்களின் 1107/2006 விதி. சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு ஐரோப்பிய நிறுவனத்தில் போனாலும் அந்த விதியின் முக்கியப் பாதுகாப்புகள் உண்டு. இடையில் விமானம் மாறுவதாக இருந்தால், ஒவ்வொரு கட்டத்துக்கும் குறியீடு தனித்தனியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் நிறுவனத்திடம் சொன்னது இரண்டாவது நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள், இரண்டுக்கும் அழைத்துக் கேளுங்கள்.